அம்மா ஏறாத விமானம்

பதினெட்டு வயதில் பழைய கதை பேச உனக்கு அப்படி என்ன இருக்கிறது என்று விடுதியில் என் அறைத்தோழி கேட்டாள். அவள் பெரம்பலூரைத் தாண்டாமல் வளர்ந்தவள். அவளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். குவைத்தில், அப்பாசியாவில், என்னோடு ஏழாம் வகுப்பில் இருந்த உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. கொரோனாவுக்காகத் தெருமுனையில் கான்கிரீட் தடுப்பை வைத்து நம் பேட்டையையே மூடியபோது நீங்களும் ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள். வெயிலுக்காக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளை ஓர் ஓரத்தில் கிழித்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் காலித் தெருவைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. நான் ஊருக்குப் போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்போது அம்மா கர்ப்பமாக இருந்தாள். எனக்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து என்பதால் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம் கூட இருந்தது. அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தடுப்புகள் வந்த நாளில் அவர் தெற்கே சைட்டில் டியூட்டியில் இருந்தார். போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கம்பெனி எல்லோரையும் தொழிலாளர் கேம்ப்புக்குள் வைத்துக் கேட்டைப் பூட்டிவிட்டது. பிறகு அவர் எங்களுக்குப் போன் திரையில்தான் அப்பா. கேம்ப்பில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே இரண்டு விரல் தூரத்தில் கூரை தெரிய, தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: சாப்பிட்டீர்களா?

அந்த வருஷத்து வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. கதவுப் பிடியிலெல்லாம் அம்மா துடைத்த டெட்டால், ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர் நிரம்பிய வாளி, பக்காலா மளிகைக் கடைக்காரர் வாசலில் வைத்துவிட்டு ஓடும் குப்பூஸ் ரொட்டிப் பொட்டலத்தின் சூடு. மே மாதமே குழாயில் கொதிதண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. நம் எல்லோர் வீட்டிலும் செய்வதுபோல ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் தேங்கிக் குளிர்ந்த தண்ணீரைத்தான் பிடித்துக் குளிப்போம். ஹீட்டரில் குளிர்ந்த தண்ணீர், குழாயில் வெந்நீர். இதைச் சொன்னாலும் என் அறைத்தோழி நம்பமாட்டாள்.

அம்மாவின் கால்கள் வீங்கிக்கொண்டே போயின. முதலில் கொலுசைக் கழற்றினாள். பிறகு சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றினாள். கடைசியில் அவளுடைய செருப்பு எதிலும் கால் நுழையவில்லை. அப்பா விட்டுப்போன நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சரக் சரக்கென்று நடப்பாள். பகலிலும் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் படுத்திருப்பாள். மாதாமாதம் போகும் கிளினிக்கில் இருந்து போன் செய்து, இப்போது வர வேண்டாம், பிறகு தேதி சொல்கிறோம் என்றார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை. ஊரிலிருந்து பெரியம்மா போனில், கர்ப்பம் என்றால் கால் வீங்கத்தான் செய்யும், பார்லித் தண்ணீர் குடி என்றாள். கீழ் வீட்டு அத்தை, ஏ.சி. காற்று பட்டால் தலைவலி வரும் என்று சொல்லி ஏ.சி.யை அணைக்கச் சொன்னாள். அந்த வெயிலில் அம்மா அதையும் செய்து பார்த்தாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பரிசோதித்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஊருக்கு விமானம் விடுகிறார்கள், கர்ப்பிணிகளுக்கு முதலிடம் என்று செய்தி வந்ததும் அப்பா எங்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டார். அவருக்கு ஒரே பயம், ஆஸ்பத்திரி. அங்கே போனால் நோய் வரும், வந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள், பக்கத்தில் இருக்க ஆள் இருக்காது என்று கேம்ப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு என்பது அவர் வரையில் கேள்வி கேட்கவே வேண்டாத விஷயம். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் ஒரே ஒரு தடவை, இந்த உடம்போடு எப்படி விமானத்தில் உட்காருவேன் என்றாள். மாதம் ஏறிவிட்டால் அப்புறம் ஏற்றவே மாட்டார்கள் என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பா எப்படியும் கேம்ப்பில்தான் இருக்கப்போகிறார், காலி வீட்டுக்கு எதற்கு வாடகை என்று ஃபிளாட்டை விட்டுவிட முடிவாயிற்று. சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. வாஷிங் மெஷின் கீழ் வீட்டு அத்தைக்கு. என் சைக்கிள் மூன்றாம் மாடிப் பையனுக்கு. அப்பா எங்கிருந்தோ தூக்கிவந்து பாலிஷ் போட்ட மரக் கட்டிலை ஹாரிஸ், அதான் நம் கட்டடக் காவலாளி, பிரித்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் புதிதாக இருந்தது. நான் அதில் படுத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

இரண்டு பெட்டிகள் கட்டினோம். பெரிய பெட்டி முழுக்கக் குழந்தைக்குத்தான். அம்மா தன்னுடைய பழைய வாயில் புடவைகளைக் கிழித்து, ஓரம் தைத்து, அடுக்கடுக்காக மடித்து வைத்திருந்தாள். அவற்றுக்கு நடுவில் என் ஸ்கேட்டிங் ஷூவையும் சொருகிவைத்தேன்.

புறப்படும் நாள் காலையில் அப்பா போனில் வந்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“ஏர்போர்ட்ல டாக்டர் நிப்பாங்க. கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு. தலவலி கிலவலின்னு வாயத் தொறந்தா எறக்கி விட்டுருவாங்க. இத விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. பாப்பா, நீயும் கேட்டுக்க.”

அம்மா “சரிங்க” என்றாள்.

எங்களை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனது நம் பஸ் அங்கிள். உங்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடப் பேருந்தில் அவர் ஓட்டுநர், அவர் மனைவி பஸ் ஆன்ட்டி பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். பள்ளி மூடியதும் யாரோ அந்த மஞ்சள் பஸ்ஸுக்கே அனுமதி வாங்கி, ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிவிட ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர், ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கை. என்னுடைய பழைய ஜன்னலோர இருக்கையிலேயே உட்கார்ந்தேன். முன் இருக்கையின் பின்பக்கத்தில் யாரோ கீறியிருந்த மீன் படம் அப்படியே இருந்தது.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, உள்ளே போங்கள், விமானம் கிளம்பும் வரை வெளியில்தான் நிற்பேன் என்றார் பஸ் அங்கிள். எதற்கு வெயிலில் என்று அம்மா கேட்டாள். “பிள்ளையள் உள்ளுக்குப் போற வரைக்கும் வண்டி எடுத்துப் பழக்கமில்லை” என்றார்.

உள்ளே எல்லோருக்கும் முகக்கவசம், அதன் மேல் பிளாஸ்டிக் தகடு. தலைவலியோடு வந்த அம்மாவுக்கு அந்தத் தகடு ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெட்டிகள் எடை பார்த்து உள்ளே போயின. அதற்கு அப்பால் ஒரு மேஜை. வெள்ளை உடுப்பு மூடிய ஒரு மலையாள நர்ஸ் கர்ப்பிணிகளை மட்டும் தனியாக உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த பெண் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

எங்கள் முறை வந்தது. பெயர், மாதம் எல்லாம் நான் சொன்னேன். பிறகு நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே, “தலவேதன உண்டோ?” என்றார்.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“இருக்கு சிஸ்டர். விடாம இருக்கு. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது. காலையில வாந்தி எடுத்தேன்.”

நர்ஸ் இப்போது நிமிர்ந்து பார்த்தார். முதலில் முகத்தை, பிறகு குனிந்து அந்த நீல ரப்பர் செருப்பையும் அதில் பிதுங்கி நின்ற கால்களையும். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மறு கையில் சுற்றி மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்துபோய் டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது: ரத்த அழுத்தம் மிக அதிகம், இவர் பறக்க முடியாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அத்தனை தடவை சொன்னாரே, ஏன் சொன்னாய், நமக்கு இங்கே வீடு கூட இல்லையே என்று கத்தினேன். அம்மா தகட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். அவள் முகம் எனக்கு அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது போல இருந்தது. அவ்வளவு உப்பியிருந்தது. அவள் அழவில்லை. ஒரு சுமையை இறக்கி வைத்தவள் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“நடுவானத்துல எனக்கு எதுனா ஆயிட்டா, நீ ஒத்தப் புள்ள என்ன பண்ணுவ? கார்லயும் பஸ்லயும்னா நிறுத்தச் சொல்லலாம். அதான் சொல்லிட்டேன். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவள் அப்பாவிடம் பேசவில்லை. பேசுவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. என்னை அதில் ஏற்றமாட்டோம் என்றார்கள். இந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டபோது, வெளியே பஸ் நிற்கிறது என்றேன். அவர் என்னைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தார். மஞ்சள் பஸ் நின்றது. பஸ் அங்கிள் அதன் நிழலில் ஒரு டப்பா லபான் மோரைக் குடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு, பஸ்ஸின் கதவைத் திறந்து, “ஏறுங்கோ பிள்ளை, வீட்டை போவம்” என்றார். யார் வீட்டுக்கு என்று நானும் கேட்கவில்லை.

பெட்டிகளைத் திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தார்கள். சின்னது வந்தது. பெரிய பெட்டி எங்களை விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது. அங்கே பெல்ட்டில் ஆளில்லாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். ஊரில் இருக்கும் மாமா விசாரித்தார், எழுதிக் கேட்டார், கிடைக்கவே இல்லை. அம்மா தைத்த அத்தனை துணியும் என் ஷூவும் எந்த அறையில் தூசி பிடித்துக் கிடந்தனவோ. இப்போதும் திருச்சி விமான நிலையத்தைத் தாண்டிப் பேருந்தில் போகும்போது ஒரு கணம் நினைத்துக்கொள்வேன்.

திரும்பும் வழியில், பேட்டையின் தடுப்புக்கு முன்னால் பஸ் நின்றது. வெளியே போகத்தான் எனக்கு அனுமதி, உள்ளே வருவதற்கு இல்லை. பஸ் அங்கிள் இறங்கிப்போய் அரபியில் நெடுநேரம் பேசினார். ஒரு இளம் போலீஸ்காரர் படியில் ஒரு கால் வைத்து எட்டிப் பார்த்தார். அம்மா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆஸ்பத்திரியில், பாப்பா பிறக்கப்போகிறது என்றேன். எந்த வகுப்பு என்றார். சொன்னேன். தன் கையில் இருந்த குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை முன் இருக்கையில் வைத்துவிட்டு, “யல்லா”, கிளம்புங்கள் என்று பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். கான்கிரீட்டுக்கு நடுவில் பஸ் மெதுவாக நுழைந்தது.

பஸ் ஆன்ட்டிக்கு ஏற்கனவே போனில் சொல்லியிருந்தார்கள் போல. கதவைத் திறந்துவைத்து, வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார். அவர்களுடையது ஒரே அறையும் கூடமும். ஊரில் சித்தியிடம் விட்டுப் படிக்கவைத்த மகனுக்கு அனுப்புவதற்காக வாங்கி, விமானம் நின்றதால் அனுப்பாமல் கிடந்த புது டி-ஷர்ட் ஒன்றைப் பிரித்து எனக்குக் கொடுத்தார். அடுப்பில் மிளகாயும் கொத்தமல்லியும் வறுக்கும் நெடி. அந்த நெடியில்தான் எனக்குப் பசியே தெரிந்தது. புட்டும் சம்பலும் சாப்பிட்டேன். “அம்மாவுக்கு ஒண்டும் வராது. அவ கெட்டிக்காரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டா” என்றார். அன்று காலையில் இருந்து அம்மா செய்தது சரி என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விமான நிலையத்துக்குப் போய் வந்த பெண்ணை உள்ளே வைத்திருக்கிறீர்களே, கட்டடத்தில் குழந்தைகள் இருக்கிறார்களே என்று எதிர் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று முறையிட்டார். பஸ் ஆன்ட்டி சண்டை போடவில்லை. பிள்ளை வெளியே வரமாட்டாள், நாங்களும் வரமாட்டோம், மாவும் சீனியும் மட்டும் வாசலில் வைத்துவிடுங்கள் என்றார். அவரும் தினமும் வைத்தார். கூடவே ஒரு நாள் எனக்கென்று ஒரு சாக்லேட்டும் இருந்தது.

மறுநாள் பகலில் போன் வந்தது. அப்பாவின் எண்தான், ஆனால் குரல் வேறு. அப்பாவின் அறையில் இருக்கும் ஒரு மாமா.

“பாப்பா, தங்கச்சி பொறந்திருக்கு. ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுத்திருக்காங்க. உங்கப்பா அழுதுக்கிட்டு இருக்காரு, அதான் நான் பேசுறேன்.”

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இன்னும் மயக்கம் தெளியவில்லையாம், தெளிந்ததும் சொல்வார்களாம். பின்னால் அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் அழுது நான் அதுவரை கேட்டதில்லை. அந்தப் பகல் முழுக்கப் பஸ் ஆன்ட்டி என்னை வேலையாகவே வைத்திருந்தார். வெங்காயம் உரித்தேன், மாவு சலித்தேன், சலித்த மாவையே மறுபடி சலித்தேன். பஸ் அங்கிள் சார்ஜரில் போட்டிருந்த போனை நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சாயங்கால பாங்கு ஒலிக்கும் நேரத்தில் திரை வெளிச்சமானது. வீடியோவில் அம்மா. வறண்ட உதடு, கலைந்த தலை. பேசக் குரல் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கையால் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். பூச்சி பறக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று விரலை அசைத்தாள். பஸ் ஆன்ட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

விமானத்தில் ஏறியிருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாயும் பிள்ளையும் தப்பியிருப்பது கடினம் என்று டாக்டர் பிறகு அம்மாவிடம் சொன்னாராம். அப்பா பயந்த ஆஸ்பத்திரிதான் இரண்டு பேரையும் காப்பாற்றிக் கொடுத்தது. தங்கை ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் இருந்தாள். டியூட்டி முடிந்து போகும் முன் ஒரு நர்ஸ் தன் போனிலேயே அவளைக் காட்டுவார். நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். அவள் கொட்டாவி விட்டால் அன்றைக்கு முழுவதும் எங்களுக்கு அதுதான் பேச்சு.

அம்மாவும் தங்கையும் பஸ் ஆன்ட்டி வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்குப் போட ஒரு துணி இல்லை. செய்தி எப்படிப் பரவியதோ, வாசல் கைப்பிடியில் பைகள் தொங்கத் தொடங்கின. யார் யாருடைய பிள்ளைகளோ போட்டுத் துவைத்து மெத்தென்று ஆன சட்டைகள். எதிர் வீட்டுக்காரர் ஒரு கொசுவலைத் தொட்டிலையே கொண்டுவந்து வைத்தார். கீழ் வீட்டு அத்தை வாஷிங் மெஷினைத் திருப்பி அனுப்பினாள். ஹாரிஸ் எங்கள் பழைய ஃபிளாட்டின் சாவியைக் கொடுக்க வந்தார். இந்த நோயில் யார் வாடகைக்கு வருகிறார்கள், பூட்டித்தான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ் ஆன்ட்டிதான், தையல் ஆறும் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். அவர் அரைத்த சரக்குத் தூளில், பிள்ளை பெற்றவர்களுக்கு அவர்கள் ஊரில் கொடுக்கும் காயம் என்ற கஷாயத்தை வைத்து அம்மாவுக்குக் கொடுப்பார். காரத்தில் அம்மாவுக்குக் கண்ணீர் வரும். குடித்து முடிக்கும் வரை முன்னால் உட்கார்ந்திருப்பார்.

தடுப்புகளை எடுத்த பிறகும் கேம்ப் கேட்டைத் திறக்க நாளாயிற்று. அப்பா வந்தபோது தங்கை தலையைத் திருப்பிச் சத்தம் வரும் பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவர் பாதியாக இளைத்திருந்தார். பஸ் ஆன்ட்டி வீட்டு வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பை ஆப்பிள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அன்னைக்கு நான் சொன்ன மாதிரி நீ சொல்லாம இருந்திருந்தா…”

“சொல்லிட்டேன்ல” என்றாள் அம்மா. “அப்புறம் என்ன அதப் பத்தி. கையக் கழுவிட்டு வந்து பிள்ளையத் தூக்குங்க.”

அவர் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். இன்னொரு தடவையும் கழுவினார். உட்காரவைத்து மடியில் கொடுத்தோம். மூச்சு விடவும் பயந்தவர் போல அசையாமல் இருந்தார். தங்கை அவருடைய முகக்கவசத்தையே முறைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுருக்கி, உடம்பு முழுக்கக் குலுங்க, நேராக அவர் முகத்திலேயே தும்மினாள்.

ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு முதலில் சிரித்தது அப்பாதான். அம்மா தையல் போட்டிருந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸ் அங்கிள், பஸ் ஆன்ட்டி, நான், எல்லோரும் சிரித்தோம். எதற்கு இந்தச் சத்தம் என்று எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் வரை சிரித்தோம். அந்த வருஷத்தில் ஒரு தும்மலைக் கேட்டு யாரும் விலகி ஓடாமல் இருந்தது அன்றைக்குத்தான்.